உங்களுக்குத் தெரியுமா? சிறைவாசியை மேயராக்கிய துறைமுக நகரம்

தைவான் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சிப் தொழிற்சாலைகளும் சீனாவோடு நீடிக்கும் பதற்றமும்தான். அந்தத் தீவின் ஜனநாயகம் உள்ளூர்த் தேர்தல்களில் வேர்விட்டு வளர்ந்த கதையை அதிகம் பேர் பேசுவதில்லை. தெற்கிலுள்ள காவோசியுங் நகரில் பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக மேயராக இருந்த சென் சூ என்ற பெண்மணியின் பொதுவாழ்வைத் தொடர்ந்து சென்றால் அந்தக் கதை முழுவதும் கண்முன் விரியும். மக்களாட்சியில் நம்பிக்கை உள்ள ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை இது.

தொடக்க காலம்

● சென் சூ பிறந்தது 1950 ஜூன் 10 அன்று, தைவானின் வடகிழக்கில் உள்ள யிலான் மாவட்டத்தின் சான்சிங் என்ற ஊரில். வெங்காயத்தாளுக்குப் பேர்போன விவசாய ஊர் அது.

● தைவானில் 1949 மே 20 முதல் 1987 ஜூலை 15 வரை, 38 ஆண்டுகள் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. ஆளும் கோமிண்டாங் கட்சிக்கு எதிராகப் புதிய கட்சி தொடங்க அனுமதி கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1940-களின் கடைசியில் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மறுதேர்தலே இல்லாமல் 1991 வரை பதவியில் நீடித்தார்கள்.

● ஆனால் ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தது. ஊர்த்தலைவர், மாவட்டத் தலைவர், மாகாண அவை உறுப்பினர் பதவிகளுக்கு 1950-களிலிருந்தே தேர்தல் நடந்துவந்தது. கட்சி தொடங்க முடியாதவர்கள் சுயேச்சைகளாக அதில் நின்றார்கள். தைவானின் எதிர்க்கட்சி அரசியல் பிறந்தது இந்த உள்ளூர்ப் பதவிகளில்தான்.

● மாகாண அவையில் அரசைத் துணிந்து கேள்வி கேட்ட ஆறு பேருக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஐந்து டிராகன், ஒரு ஃபீனிக்ஸ்’. அந்த டிராகன்களில் ஒருவர் யிலானைச் சேர்ந்த குவோ யூ-சின். சென் சூ தம் 19-வது வயதில் இவருடைய செயலாளராகச் சேர்ந்தார். அரசியல் பாடம் அவருக்கு அங்கேதான் தொடங்கியது.

● அந்த ‘ஃபீனிக்ஸ்’ யார் தெரியுமா? மருத்துவர் ஷூ ஷி-சியென். 1968-ல் சியாயி நகர மேயராகத் தேர்வானவர். தைவானின் முதல் பெண் மேயர் இவர்தான். இவருடைய மகள்கள் இருவர் பின்னாளில் அதே நகரின் மேயர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான சாங் போ-யா, சென் சூவின் கதையில் கடைசியில் மீண்டும் வருவார்.

● 1975 நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலில் குவோ யூ-சின் தோற்றார். பல்லாயிரக்கணக்கான வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. ஊர் கொதித்தது. அவருக்காக வழக்கு நடத்திய இளம் வழக்கறிஞர்கள் லின் யி-சியுங், யாவ் சியா-வென். நான்கே ஆண்டுகளில் இந்த இருவரும் சென் சூவோடு ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

சிறை

● சென் சூவை அரசு முதன்முதலில் கைது செய்தது 1978-ல். போலீஸ் தேடியபோது அவர் ஒளிந்திருந்தது சாங்ஹுவா மாவட்டத்துக் கத்தோலிக்க தேவாலயம் ஒன்றில். வெளிநாட்டிலிருந்து எழுந்த கண்டனத்தால் அப்போது விரைவில் விடுதலையானார்.

● 1979 ஆகஸ்டில் ‘ஃபார்மோசா’ என்ற அரசியல் பத்திரிகை தொடங்கியது. பெயருக்குத்தான் பத்திரிகை, நகரந்தோறும் திறந்த அதன் கிளை அலுவலகங்கள் கட்சி அலுவலகங்களாகவே இயங்கின. காவோசியுங் கிளையின் துணைப் பொறுப்பாளர் சென் சூ. வடக்கில் பிறந்த அவருக்கும் அந்தத் தெற்குத் துறைமுக நகருக்கும் உறவு உண்டானது அப்படித்தான்.

● 1979 டிசம்பர் 10, உலக மனித உரிமை நாள். பத்திரிகைக் குழுவினர் காவோசியுங்கில் தீப்பந்தப் பேரணி நடத்தினார்கள். போலீஸ் சுற்றிவளைத்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, மோதல் வெடித்தது. அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் எதிரணித் தலைவர்கள் கைதானார்கள். ‘ஃபார்மோசா சம்பவம்’ என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

● முக்கியக் குற்றவாளிகள் என்று எட்டுப் பேரை அரசு ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவர்களில் பெண்கள் இருவர்: சென் சூ, லூ சியு-லியென். சாட்டப்பட்டது அரசைக் கவிழ்க்க முயன்ற குற்றம். அதற்குரிய தண்டனை மரணம். சென் சூ சிறையில் உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரணைக்குப் போனார்.

● 1980 மார்ச்சில் நடந்த அந்த விசாரணைக்குப் பத்திரிகையாளர்களை அனுமதிக்க வேண்டிய நெருக்கடி அரசுக்கு. எட்டுப் பேரும் கூண்டில் நின்று பேசியவற்றை நாளிதழ்கள் பக்கம் பக்கமாக அச்சிட்டன. அதுவரை மேடையில் பேச முடியாத கருத்துகள் நீதிமன்றத்தின் வழியாக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன.

● தீர்ப்பு: ஷி மிங்-தெவுக்கு ஆயுள், ஹுவாங் சின்-சியேவுக்கு 14 ஆண்டுகள், சென் சூ உள்ளிட்ட மற்ற ஆறு பேருக்குத் தலா 12 ஆண்டுகள் சிறை. சென் சூ ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்து 1986 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

● அந்த வழக்கில் வாதாடிய வழக்கறிஞர்களைப் பாருங்கள். சென் ஷுய்-பியான் 2000-ல் குடியரசுத் தலைவர் ஆனார். பிராங்க் சியே, சூ செங்-சாங், சாங் சுன்-சியுங் மூவரும் பிரதமர்கள் ஆனார்கள். கூண்டில் நின்ற லூ சியு-லியென் துணைக் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரு நாட்டின் அடுத்த தலைமுறை ஆட்சியாளர்கள் பலர் ஒரே நீதிமன்ற அறையில் கூடியிருந்தார்கள்!

● 1986 செப்டம்பர் 28 அன்று தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் ஜனநாயக முற்போக்குக் கட்சி பிறந்தது. ராணுவச் சட்டம் அப்போதும் நீங்கவில்லை. தடையை மீறித் தொடங்கிய கட்சி அது.

அலுவலக நாட்கள்

● சிறையிலிருந்து வந்த சென் சூ மனித உரிமைச் சங்கத்தில் உழைத்தார். 1994-ல் சென் ஷுய்-பியான் தைபே மேயரானதும் மாநகரின் சமூகநலத் துறை அவர் கைக்கு வந்தது. 1998-ல் பிராங்க் சியே காவோசியுங் மேயரானபோது அங்கும் அதே துறை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற குழந்தைகள் என்று நகரத்தின் நலிந்த பக்கம் முழுவதையும் மேயராவதற்கு முன்பே அவர் கோப்பு கோப்பாகப் படித்துவிட்டார்.

● காவோசியுங் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1994-ல்தான் கிடைத்தது. அதற்கு முன் 15 ஆண்டுகள் மேயரை நியமித்தது மத்திய அரசு.

● 2000 முதல் 2005 வரை சென் சூ தொழிலாளர் துறை அமைச்சர். பணியிடத்தில் ஆண்-பெண் சமத்துவச் சட்டம் 2002 மார்ச் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. 2005 ஜூலை 1 முதல் புதிய ஓய்வூதியச் சட்டம்: ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் தனிக்கணக்கு, அதில் முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் குறைந்தது 6 சதவீதம் கட்ட வேண்டும். வேலை மாறினாலும் கணக்கு தொழிலாளியோடு போகும். சிறு கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி!

● 2005 ஆகஸ்ட் 21 இரவு காவோசியுங் மெட்ரோ ரயில் பணியில் இருந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் விடுதியில் கலவரம் செய்தார்கள். காரணங்களைக் கேட்டால் மனம் கனக்கிறது: நெரிசலான அறைகள், செல்போன் பேசத் தடை, கைச்செலவுக்குப் பணத்துக்குப் பதிலாக விடுதிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கன். தொழிலாளர் துறையின் பொறுப்பை ஏற்று சென் சூ அமைச்சர் பதவியைத் துறந்தார்.

● அதே விவகாரத்தையொட்டிப் பதவி விலகிய இன்னொருவர், அப்போது காவோசியுங்கின் பொறுப்பு மேயராக இருந்த சென் சீ-மாய். பின்னாளில் இந்த இருவருமே அதே நகரின் மேயர்களாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

1,114 வாக்குகள்

● தைவானில் வாக்கு எண்ணிக்கை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மாலை 4 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே சாவடியில், பெரும்பாலும் பள்ளி வகுப்பறையில், பெட்டியைத் திறப்பார்கள். ஓர் ஊழியர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, கூடியிருப்பவர்கள் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, வேட்பாளரின் எண்ணையும் பெயரையும் உரக்கச் சொல்வார். இன்னொருவர் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் கோடு போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு கட்டு. யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம்.

● 2006 டிசம்பர் 9 மேயர் தேர்தலில் அப்படி எண்ணி முடித்தபோது சென் சூவுக்கு 3,79,417 வாக்குகள். கோமிண்டாங் வேட்பாளர் ஹுவாங் சுன்-யிங்குக்கு 3,78,303. வித்தியாசம் வெறும் 1,114! இந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால் நகரின் வரலாறு வேறு திசையில் போயிருக்கும்.

● அதோடு முடியவில்லை. 2007 ஜூனில் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி வெற்றியை உறுதிசெய்தது. இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் பதவி ஊசலாடிக்கொண்டிருக்க, சென் சூ அன்றாட வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

● தைபே, காவோசியுங் போன்ற சிறப்பு மாநகரங்களில் தேர்தலில் வென்று மேயரான முதல் பெண் சென் சூதான். மக்கள் அவரை ‘பூ அம்மா’ என்று செல்லமாக அழைத்தார்கள். ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் சுருட்டை முடி அம்மாவின் சாயல் அவரிடம் இருந்ததால் வந்த பெயர் அது.

மேயர் நாற்காலியில்

● காவோசியுங் மெட்ரோ 2008-ல் ஓடத் தொடங்கியது. சிவப்புத் தடமும் ஆரஞ்சுத் தடமும் சந்திக்கும் நிலையத்துக்கு ‘ஃபார்மோசா’ என்றே பெயர். 1979-ல் தீப்பந்தப் பேரணியைப் போலீஸ் வளைத்த சாலைச் சந்திப்பின் அடியில் அமைந்த நிலையம் இது. அன்று அங்கே நின்றதற்காகச் சிறை சென்றவர், நிலையம் திறந்தபோது நகரின் மேயர்.

● அந்த நிலையத்தின் கூரையைக் காணவே பயணிகள் வருகிறார்கள். இத்தாலியக் கலைஞர் நார்சிசஸ் குவாலியாட்டா படைத்த ‘ஒளிக்குவிமாடம்’ அது: 30 மீட்டர் விட்டம், 4,500 வண்ணக் கண்ணாடித் தகடுகள். நீர், மண், ஒளி, நெருப்பு என்று நான்கு பகுதிகளாக விரியும்.

● ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கான ‘உலக விளையாட்டுப் போட்டி’ 2009 ஜூலை 16 முதல் 26 வரை காவோசியுங்கில் நடந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டொயோ இட்டோ வடிவமைத்த அரங்கின் கூரை முழுவதும் 8,844 சூரிய மின்தகடுகள்.

● அந்தப் போட்டிக்கு அழைப்பு விடுக்க 2009 மே மாதம் சென் சூ பெய்ஜிங் சென்றார். அவருடைய ஜனநாயக முற்போக்குக் கட்சியின் மேயர் ஒருவர் பதவியில் இருக்கும்போது அங்கே சென்றது அதுவே முதல் முறை. பெய்ஜிங் மேயரோடு பேசும்போது ‘மத்திய அரசின் தலைவர் மா யிங்-ஜியோ’ என்று தைவான் தலைவரை, எதிர்க்கட்சிக்காரர் என்றும் பாராமல், பதவிப் பெயரோடு குறிப்பிட்டார். சீன மண்ணில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

● 2009 ஆகஸ்டில் மோராகோட் புயல். காவோசியுங் மாவட்டத்தின் சியாவோலின் என்ற மலைக்கிராமம் மண்சரிவில் புதைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துயருற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல தலாய் லாமாவை அழைத்த தெற்குத் தைவான் தலைவர்களில் சென் சூவும் ஒருவர். சீனா கடிந்துகொண்டது, சீனச் சுற்றுலாக் குழுக்கள் காவோசியுங்கைத் தவிர்த்தன. அழைப்பைத் திரும்பப் பெறவில்லை, தலாய் லாமாவும் வந்து போனார்.

● 2010 டிசம்பர் 25 அன்று காவோசியுங் நகரமும் மாவட்டமும் ஒன்றாயின. 38 வட்டங்கள், 2,950 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. தெற்கில் துறைமுகக் கிரேன்கள், வடகிழக்கு எல்லையில் 3,952 மீட்டர் உயர யூஷான் சிகரம்! மீனவரும் பழங்குடியினரும் உருக்காலைத் தொழிலாளியும் ஒரே மேயரிடம் மனு கொடுக்கும் நகரம் இது.

● அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று ஃபனாபி புயல் மழையில் நகரம் மிதந்தபோது, பிற்பகலில் சென் சூ அரசு இல்லத்துக்குச் சென்று சற்று ஓய்வெடுத்த செய்தி வெளியானது. கடும் கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். வெள்ளத்தின்போது மேயர் எங்கே இருந்தார் என்று மணிவாரியாகக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டது நகராட்சிக்கு நல்லது.

● ஒன்றான மாநகருக்கு 2010 நவம்பர் 27 அன்று தேர்தல். மாவட்டத்தின் தலைவராக இருந்த சொந்தக் கட்சிக்காரர் யாங் சியு-சிங்கே சுயேச்சையாக எதிர்த்து நின்றார். மும்முனைப் போட்டியிலும் சென் சூ பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார். 2014-ல் அதே யாங், இம்முறை கோமிண்டாங் வேட்பாளராக வந்தார்.

மண்ணுக்கடியில் இருந்த ஆபத்து

● 2014 ஜூலை 31 இரவு ஒன்பது மணிக்கு முன்பே சியான்ஜென் வட்டாரத்து மக்கள் எரிவாயு வாடை அடிப்பதாகப் புகார் செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் சாலையில் நீர் பீய்ச்சியபடி கசிவைத் தேடினார்கள். நள்ளிரவு நெருங்கும்போது தெருக்கள் வரிசையாக வெடித்துப் பிளந்தன. 32 பேர் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கசிவைத் தேடிப் போன தீயணைப்பு வீரர்களும் இறந்தவர்களில் அடக்கம்.

● காரணம் என்ன? நான்கு அங்குல புரோப்பிலீன் குழாய் ஒன்று மழைநீர் வடிகாலின் உள்ளே குறுக்காகத் தொங்கியபடி போயிருந்தது. மண் மூடாத குழாய் ஈரத்தில் அரித்து மெலிந்தது. 1990-களின் தொடக்கத்தில் போட்ட குழாய் அது. துணை மேயர் உள்ளிட்ட மூத்த அதிகாரிகள் பதவி விலக முன்வந்தார்கள். தொழிற்குழாய்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டத்தை மாநகரம் 2015-ல் கொண்டுவந்தது.

● நான்கு மாதம் கழித்து, 2014 நவம்பர் 29 தேர்தல். சென் சூவுக்கு விழுந்தவை 9,93,300 வாக்குகள், 68 சதவீதம். எட்டு ஆண்டுக்கு முன் 1,114 வாக்கில் வென்றவர்!

● அதே நாளில்தான் தைவானில் முதன்முறையாக ஒன்பது வகை உள்ளூர்ப் பதவிகளுக்கு ஒரே சமயத்தில் தேர்தல் நடந்தது. சிறப்பு மாநகர மேயர் முதல் குடியிருப்பு வட்டத் தலைவர் வரை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். உள்ளூர் மன்றத் தொகுதியில் நான்கு இடங்கள் இருந்தால் ஒன்றாவது பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது சட்டம்.

● காவோசியுங்கின் ஹௌஜின் பகுதி மக்கள் 1987-லிருந்து எதிர்த்துப் போராடிய பெட்ரோலிய ஆலை வளாகம் 25 ஆண்டில் மூடப்படும் என்று 1990-ல் அரசு வாக்குறுதி தந்தது. நாள் தவறாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். 2015-ல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் சிப் ஆலை எழுந்திருக்கிறது.

● தைவானின் முதல் நவீன டிராம் 2015-ல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. தலைக்கு மேல் மின்கம்பி இல்லாமல், நிலையத்தில் நிற்கும்போதே மின்னேற்றிக்கொள்ளும் வகை. நகரைச் சுற்றிவரும் முழு வட்டமும் 2024 ஜனவரி 1 அன்று நிறைவடைந்தது. தொடங்கியவர் ஒரு மேயர், முடித்தவர் இன்னொருவர்.

நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை

● 2018 ஏப்ரலில் சென் சூ மேயர் பதவியை விட்டு, குடியரசுத் தலைவர் சாய் இங்-வென்னின் தலைமைச் செயலாளராகத் தைபே சென்றார். அதே நவம்பரில் காவோசியுங் மக்கள் கட்சியையே மாற்றினார்கள். கோமிண்டாங்கின் ஹான் குவோ-யூ 8,92,545 வாக்குகளோடு வென்றார். ஜனநாயக முற்போக்குக் கட்சியின் 20 ஆண்டு ஆட்சி ஒரே நாளில் முடிந்தது. நகரின் கடன் சுமையும் வேலை தேடி வடக்கே போகும் இளைஞர்களும் பிரசாரத்தின் மையம்.

● பதவியேற்ற சில மாதங்களிலேயே ஹான் குடியரசுத் தலைவர் தேர்தலில் குதித்தார். கோபமடைந்த மக்கள் கையெழுத்து திரட்டித் திரும்பப் பெறும் வாக்கெடுப்பு கோரினார்கள். 2020 ஜூன் 6 அன்று அவரை நீக்க விழுந்த வாக்குகள் 9,39,090. அவரை வெல்லவைத்த வாக்குகளைவிட அதிகம்! தைவானில் மேயர் ஒருவரை மக்கள் இப்படித் திரும்பப் பெற்றது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் இடைத்தேர்தலில் சென் சீ-மாய் 70 சதவீத வாக்குகளோடு வந்தார்.

● தைவான் அரசமைப்பில் ஐந்து கிளைகள். அவற்றில் ஒன்று, அதிகாரிகளின் தவறுகளை விசாரிக்கும் ‘கண்காணிப்பு மன்றம்’. 2014 முதல் 2020 வரை அதன் தலைவர், அந்த ‘ஃபீனிக்ஸ்’ மேயரின் மகள் சாங் போ-யா. அவரிடமிருந்து 2020 ஆகஸ்ட் 1 அன்று பொறுப்பேற்றவர் சென் சூ. நியமனத்தை எதிர்த்து எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்தில் கைகலப்பு வரை போனார்கள். கடைசியில் வாக்கெடுப்பே முடிவு செய்தது.

● அதே நாளில் அந்த மன்றத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையம் தொடங்கியது. சித்திரவதை, பாகுபாடு, காவலில் நடக்கும் கொடுமை பற்றிய புகார்களை விசாரிப்பது அதன் வேலை. முதல் தலைவர் சென் சூ. மனித உரிமை நாளில் பேரணி போனதற்காக அவரைத் தண்டித்த ராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்போது வயது நாற்பது. இந்த நாற்பது ஆண்டு மாற்றத்தை எந்தத் தளபதியும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. ஊர்த்தலைவர் தேர்தலுக்கும் மேயர் தேர்தலுக்கும் தவறாமல் வரிசையில் நின்று, எண்ணி முடிக்கும்வரை வகுப்பறை வாசலில் காத்திருந்தவர்கள் சம்பாதித்த மாற்றம் இது. உள்ளூர்த் தேர்தலை எவரேனும் சின்னத் தேர்தல் என்று சொன்னால், காவோசியுங்கின் 1,114 வாக்குகளை அவருக்குச் சொல்லுங்கள்.